செடி வாடுதா? வேர்முடிச்சு நூற்புழு இருக்கான்னு நாமளே பார்க்கலாம்: புதுசா சேர்ந்தவங்களுக்கு

பிஎஸ்சி அக்ரி முடிச்சுட்டு எம்எஸ்சியில பிளான்ட் பேத்தாலஜியோ (செடி நோய்ப் படிப்பு) நெமடாலஜியோ (நூற்புழுப் படிப்பு) எடுத்திருக்கவங்களுக்காக இதை எழுதறேன். என்னோட ஆராய்ச்சி இந்த ரெண்டுக்கும் நடுவுல, அதாவது தக்காளியில ஃபியூசேரியம்ங்கிற பூஞ்சாணத்தால வர்ற வாடல் நோயும், வேருக்குள்ள புகுந்து முடிச்சு உண்டாக்குற நுண்ணிய புழுவான வேர்முடிச்சு நூற்புழுவும் ஒண்ணா வந்தா என்ன ஆகுதுங்கிறது. 1892லயே அமெரிக்காவுல, அலபாமாவுல, அட்கின்சன்ங்கிற செடி நோய் ஆராய்ச்சியாளர் பருத்தியில இதைப் பார்த்துட்டார், நூற்புழு இருக்கிற வயல்ல வாடல் ரொம்ப அதிகம்னு. அப்படியும் இன்னைக்கு வரைக்கும் செடி தொங்கிடுச்சுன்னா பூஞ்சாண மருந்து வாங்கத்தான் ஓடறோம், வேரைத் தோண்டிப் பார்க்கிறவங்க கம்மி. அந்தப் பழக்கம் மாறணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

முதல்ல தண்டு. தரைக்கு பக்கத்துல தண்டை நீளவாக்குல கீறுங்க, உள்ள குழாய்த்திசு பழுப்பு நிறமா ஓடியிருந்தா ஃபியூசேரியம் மேல சந்தேகப்படலாம். பாக்டீரியா வாடலாவும் இருக்கலாம், அதுக்கு ஒரு துண்டு தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர்ல சுத்தமான தண்ணியில, வெட்டின முனை மட்டும் தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரி அசைக்காம பிடிங்க, கொஞ்ச நேரத்துல பால் மாதிரி நூல் நூலா இறங்குச்சுன்னா பாக்டீரியா.

அடுத்து வேர். செடியைப் பிடிச்சு இழுக்காதீங்க ப்ளீஸ், பொடி வேரெல்லாம் அறுந்து மண்ணுலயே தங்கிடும், பார்க்க வேண்டியதே அதைத்தான். மம்பட்டியால சுத்தித் தோண்டி மண்ணோட தூக்கி, வாளித் தண்ணியில மெதுவா அலசுங்க. நூற்புழு இருந்தா வேர் முண்டு முண்டா வீங்கியிருக்கும். தட்டப்பயறு, நிலக்கடலை மாதிரி செடியில மட்டும் ஒரு குழப்பம் வரும், காத்துல இருக்கிற தழைச்சத்தைச் செடிக்குப் பிடிச்சுத் தர்ற நல்ல பாக்டீரியாவான ரைசோபியம் போட்ட முடிச்சும் அங்க இருக்குமே. விரலால தள்ளிப் பாருங்க: ரைசோபியம் முடிச்சு வேரோட பக்கத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும், சுலபமா கழண்டு வரும், நசுக்கினா உள்ள இளஞ்சிவப்பு. நூற்புழு முடிச்சு கழராது, ஏன்னா வீங்கினது வேரேதான். பெரிய முடிச்சா ஒண்ணு எடுத்து மைக்ரோஸ்கோப் கீழ ஊசியால பிச்சா, பேரிக்காய் வடிவத்துல வெள்ளையா மினுமினுன்னு பெண் நூற்புழு வெளிய வரும். அதைச் சுத்தி புழு உருவாக்கி வச்சிருக்கிற பெரிய பெரிய செல்கள்ல சத்து நிறைஞ்சிருக்கும், ஃபியூசேரியத்துக்கு அது நல்ல தீனி. புழு போட்ட ஓட்டை வழியா பூஞ்சாணம் நுழையுதுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க, விஷயம் அதை விட ஆழமானது.

இப்ப மண். செத்துப்போன செடியடியில எடுக்காதீங்க, வேர் அழுகிட்டா புழுவுக்கு அங்க சாப்பாடு இல்ல. வாட ஆரம்பிச்ச செடிகளைப் பார்த்து, வயல்ல குறுக்கும் நெடுக்குமா பல இடத்துல, மேல் மண்ணைத் தள்ளிட்டு 15 முதல் 20 செமீ ஆழத்துல, வேரை ஒட்டி எடுத்து ஒண்ணா கலந்துக்கோங்க. பாலித்தீன் கவர்ல போட்டு லேபிள் வச்சு நிழல்லயே கொண்டு வாங்க. வெயில்ல பைக் டேங்க் மேல வச்சு வந்தா உள்ள இருக்கிறது வெந்துடும், அப்புறம் எவ்வளவு சலிச்சாலும் ஒண்ணும் வராது, ஏன்னா நாம செய்யப்போற முறைக்கு புழு உயிரோட நெளியணும்.

சலிக்கிறது நூற்புழு ஆராய்ச்சியாளர் கோப் 1918ல சொன்ன முறைதான். 200 கிராம் மண்ணை வாளியில ஒரு லிட்டர் தண்ணியில போட்டு கட்டி உடையற வரைக்கும் கையால கலக்குங்க, அரை நிமிஷம் விடுங்க, கனமான மணல் அடியில போயிடும், புழு மேல மிதந்துட்டு இருக்கும். மேல் தண்ணியை 20 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு 20 கண்) சல்லடை வழியா இன்னொரு வாளிக்கு ஊத்துங்க, கல்லும் வேர்த்துண்டும் நின்னுடும். அதை அப்படியே 350 மெஷ் சல்லடையில, சல்லடையை சாய்ச்சுப் பிடிச்சு, மெதுவா ஊத்துங்க. மேல தங்கின வண்டலை கொஞ்சமா தண்ணி விட்டு பீக்கர்ல சேர்த்துக்கோங்க. ஒரு வயலோட மண் மாதிரியைச் சலிச்சு முடிஞ்சதும் சல்லடையைத் திருப்பிப் போட்டு நல்லா கழுவணும், இல்லன்னா ஒரு வயலோட புழு அடுத்த வயல் கணக்குல ஏறிடும்.

அந்த வண்டலை கம்பி வலை மேல விரிச்ச டிஷ்யூ பேப்பர்ல ஊத்தி, தண்ணி இருக்கிற பெட்ரி டிஷ் மேல வையுங்க. தண்ணி டிஷ்யூவோட அடிப்பக்கத்தைத் தொடணும், அவ்வளவுதான், மூழ்கக்கூடாது. 24ல இருந்து 48 மணி நேரத்துல உயிருள்ள புழு நெளிஞ்சு கீழ இறங்கிடும், மண் மேலயே நின்னுடும்.

இறங்கின தண்ணியை 100 மில்லி ஆக்கி, நல்லா கலக்கிவிட்டு 1 மில்லி எடுத்து எண்ணுங்க, இப்படி மூணு தடவை. சராசரி 12 வந்தா 200 கிராம் மண்ணுல 1200ன்னு அர்த்தம். ஆனா நெளியறதெல்லாம் எதிரி இல்லைங்க! மண்ணுல பாக்டீரியாவைத் தின்னு வாழற புழுவும் நிறைய உண்டு, அதுங்க வாயில ஊசி இருக்காது. நாம தேடற இளம்புழு கிட்டத்தட்ட 0.4 மிமீ நீளம், ஒல்லியா, வால் நுனி கண்ணாடி மாதிரி தெளிவா, வாயில சின்ன ஊசியோட இருக்கும். ஊசி கண்ணுக்குப் பிடிபட கொஞ்ச நாள் ஆகும், லென்ஸை மெல்ல ஏத்தி இறக்கிப் பாருங்க.

வேலை முடிஞ்சதும் மிச்சத் தண்ணியையும் மண்ணையும் கொதிக்க வச்சுட்டு கொட்டுங்க, சிங்க்லயோ பசுமைக்குடில் பக்கமோ அப்படியே ஊத்திடாதீங்க. அங்க தொட்டியில வளர்ற கன்று எல்லாம் யாரோ ஒருத்தரோட தீசிஸ்.