ட்ரோன் கேமராவுக்கு எந்த ஃபில்டர்? ஒரு வகுத்தல் கணக்கு போதும்

ட்ரோன் வாங்கிய புதிதில் நான் எடுத்த வீடியோக்களில் வெளிச்சம் சரியாக இருக்கும், நிறம் சரியாக இருக்கும், ஃபோகஸும் சரியாக இருக்கும். ஆனால் மரங்களுக்கு மேலே தாழப் பறக்கும் இடங்களில் மட்டும் காட்சி வழுக்கிக்கொண்டு போகாமல் துடித்துத் துடித்துப் போகும். காற்றில் ட்ரோன் ஆடுகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். காரணம் ஷட்டர் வேகம், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (வீடியோவில் அடுத்தடுத்து ஓடும் தனிப்படம்) கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம். வெயிலில் கேமரா தானாகவே 1/2000 நொடிக்கு மேல் போயிருந்தது. அந்த வேகத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் உறைந்து நின்ற புகைப்படம் போலப் பதிவாகும். அவற்றை வரிசையாக ஓட்டும்போது ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யத்தான் என்டி ஃபில்டர். நிறத்தை மாற்றாமல் வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் கண்ணாடி அது. வெளிச்சம் குறைந்தால் ஷட்டரை மெதுவாக வைக்க முடியும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவு கொஞ்சம் கரைந்து பதிவாகும், காட்சி இயல்பாக ஓடும்.

என்டி4, 8, 16, 32, 64 என்று பெட்டியில் அடுக்கி விற்பார்கள். கூடவே "வெயிலுக்கு இது, மேகத்துக்கு இது" என்று ஓர் அட்டவணையும் இருக்கும். அந்த அட்டவணையை நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கேமராவே சரியான எண்ணைச் சொல்லிவிடும்.

படி 1: உங்களுக்கு ஃபில்டர் தேவையா?

புகைப்படம் மட்டும் எடுப்பவர் என்றால் பெரும்பாலும் தேவையில்லை. படத்துக்கு வேகமான ஷட்டர் நல்லதுதான், அதில்தான் படம் கூர்மையாக வரும். அருவியையோ அலையையோ பட்டுப்போலக் கரைத்து எடுக்க வேண்டும் என்றால் மட்டும் அடர்த்தியான என்டி வேண்டும்.

வீடியோவிலும் எல்லா நேரமும் வேண்டாம். 100 மீட்டர் உயரத்தில் மெதுவாகப் பறந்தால் கீழே இருப்பவை திரையில் மெல்லத்தான் நகரும். ஃபில்டர் போட்டதற்கும் போடாததற்கும் வித்தியாசம் தெரியாது. தரையை ஒட்டி வேகமாகப் பறக்கும்போது, வண்டியைப் பின்தொடரும்போது, மரங்களுக்கு நடுவில் புகுந்து போகும்போதுதான் ஃபில்டர் தன் வேலையைக் காட்டும்.

படி 2: எந்த ஷட்டர் வேகம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

ஃபிரேம் எண்ணிக்கையை இரண்டால் பெருக்குங்கள். நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1/50, 30 என்றால் 1/60, 60 என்றால் 1/120. 24 ஃபிரேமுக்கு 1/48 வர வேண்டும், கேமராவில் 1/50 வைத்தால் போதும்.

இதை 180 டிகிரி விதி என்பார்கள். ஃபிலிம் கேமராவில் ஷட்டர் ஒரு சுழலும் தட்டு. அதில் பாதி வட்டம் திறந்திருந்தால், ஒரு ஃபிரேமுக்கான நேரத்தில் பாதி அளவுக்குத்தான் ஃபிலிமில் வெளிச்சம் விழும். அப்படி எடுத்த அசைவைப் பார்த்தே நம் கண் பழகிவிட்டது. இம்மி பிசகாமல் பின்பற்ற வேண்டிய விதியும் இல்லை இது. 1/50-க்குப் பதில் 1/100 வந்தாலும் வீடியோ நன்றாகவே இருக்கும்.

படி 3: கேமராவைப் படித்து வகுத்துப் பாருங்கள்

எல்லாமே இந்தப் படியில்தான் இருக்கிறது. என்டி எண் என்பது ஒரு வகுஎண். என்டி8 வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்கும், என்டி32 முப்பத்திரண்டில் ஒரு பங்காக்கும். இது புரிந்துவிட்டால் அட்டவணை எதற்கு?

ஃபில்டர் இல்லாமல் ட்ரோனை மேலே ஏற்றுங்கள். ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) 100-இல் நிறுத்துங்கள். எடுக்கப்போகும் காட்சியின் பக்கம் கேமராவைத் திருப்பி, எக்ஸ்போஷர் (படத்தின் வெளிச்ச அளவு) சரியாக வரும்வரை ஷட்டர் வேகத்தை மாற்றுங்கள். திரையில் 1/1600 என்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வேண்டியது 1/50. 1600-ஐ 50-ஆல் வகுத்தால் 32. கீழே இறக்கி என்டி32 போடுங்கள், அவ்வளவுதான்.

கணக்கு எப்போதும் இவ்வளவு கச்சிதமாக வராது. 30 ஃபிரேமில் எடுக்கிறீர்கள் என்றால் 1600-ஐ 60-ஆல் வகுக்க 26 சொச்சம் வரும். என்டி16 போட்டால் ஷட்டர் 1/100-இல் நிற்கும், என்டி32 போட்டால் 1/50-க்கு வரும். வானம் தெளிவாக இருந்தால் எதைப் போட்டாலும் சரி. மேகம் வந்து வந்து போகிறது என்றால் நான் அடர்த்தி குறைந்ததைத்தான் போடுவேன். வெளிச்சம் கூடினால் ஷட்டரைக் கொஞ்சம் வேகமாக்கிச் சமாளிக்கலாம். ஆனால் வெளிச்சம் குறையும்போது அடர்த்தியான ஃபில்டர் மாட்டியிருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ஏனென்றால் 30 ஃபிரேம் வீடியோவில் ஷட்டரை 1/30-க்குக் கீழே கொண்டுபோகவே முடியாது.

ஒரு மாலை என்டி64-ஐக் கழற்றாமல் சூரியன் மறையும்வரை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஒளி மிக அழகாக இருந்த கடைசிப் பத்து நிமிடம் முழுக்க நாய்ஸ் (புள்ளி புள்ளியான கரகரப்பு). அந்த ஒளி திரும்பக் கிடைக்கவில்லை. சூரியன் தாழ்ந்ததும் கீழே இறக்கி ஃபில்டரை மாற்றுங்கள், இருட்டப் போகிறது என்றால் கழற்றியே விடுங்கள்.

படி 4: எதை வாங்குவது?

லென்ஸின் அபர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பின் அளவைப் பாருங்கள். எஃப் எண் சிறியதானால் திறப்பு பெரிது. பல ட்ரோன்களில் அதை மாற்ற முடியாது. டிஜேஐ மினி 2, ஏர் 2எஸ் இரண்டிலும் எஃப் 2.8. மினி 3 ப்ரோ, மினி 4 ப்ரோ இரண்டிலும் எஃப் 1.7. எஃப் 1.7 லென்ஸ் எஃப் 2.8 லென்ஸைவிட ஏறக்குறைய 2.7 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஒரே அட்டவணை எல்லா ட்ரோனுக்கும் பொருந்தாததற்கு இதுதான் காரணம்.

பளீர் வெயிலில், ஐஎஸ்ஓ 100-இல், எஃப் 2.8 லென்ஸுக்கு ஷட்டர் 1/3200 வரை போகலாம். 25 ஃபிரேமில் எடுத்தால் அதற்கு என்டி64 வேண்டும். எஃப் 1.7 என்றால் அதே வெயிலுக்கு என்டி128-ஐயும் தாண்டலாம். ஆகவே எஃப் 2.8 லென்ஸ் வைத்திருப்பவர்கள் 8, 16, 32, 64 வாங்கினால் பெரும்பாலான நேரங்களுக்குப் போதும். எஃப் 1.7 வைத்திருப்பவர்கள் 16, 32, 64, 128 என்று ஒரு படி தள்ளி வாங்குங்கள், முடிந்தால் 256-உம். லாக் முறையில் (பின்னால் நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதியும் முறை) எடுப்பவர்களுக்கு ஒரு சேதி: சில கேமராக்களில் அந்த முறையில் ஐஎஸ்ஓ 400-க்குக் கீழே இறங்காது. அப்படியானால் நான்கு மடங்கு அடர்த்தியான ஃபில்டர் தேவைப்படும்.

மாவிக் 3-இன் பிரதான கேமரா போல எஃப் 2.8-இலிருந்து எஃப் 11 வரை மாற்ற முடிகிற லென்ஸ் என்றால், அபர்ச்சரை மூடியே வெளிச்சத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். ஓரளவுக்குச் செய்யலாம். எஃப் 11-க்குப் போனால் ஒளியின் விளிம்பு விளைவால் (டிஃப்ராக்ஷன்) படத்தின் கூர்மை குறையும்.

சுழற்றிச் சுழற்றி அடர்த்தியை மாற்றும் வேரியபிள் என்டி முதல் ஃபில்டராக வேண்டாம். அது உள்ளுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு போலரைசர்தான் (பிரதிபலிப்பை வெட்டும் ஃபில்டர், படி 5-இல் வரும்). ட்ரோனின் அகலமான லென்ஸில், அடர்த்தியைக் கூட்டும்போது படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போலக் கருப்பு நிழல் விழும். யுவி ஃபில்டரையும் தேட வேண்டாம், அது லென்ஸைக் கீறல் படாமல் காப்பதோடு சரி.

படி 5: போலரைசர் எப்போது?

நீரின் மினுமினுப்பையும் இலைகளின் பளபளப்பையும் வெட்டி உள்நிறத்தைக் காட்டுவது இது. எந்த மென்பொருளாலும் இந்த வேலையைப் பின்னால் செய்ய முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ஃபில்டர் இதுதான். ஆனால் ட்ரோனில் ஒரு சிக்கல் உண்டு: வளையத்தைச் சுழற்றித்தான் விளைவைச் சரிசெய்ய வேண்டும், மேலே போன பிறகு அதைத் தொட முடியாது.

அதனால் பறக்கும் முன்பே எந்தத் திசையில் எடுக்கப்போகிறோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ட்ரோனைக் கையில் பிடித்து அந்தத் திசைக்குத் திருப்பி, திரையைப் பார்த்துக்கொண்டே வளையத்தைச் சுழற்றுங்கள். விசிறிகள் ஓடாமல் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சூரியன் உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும் திசையில் வானம் நன்றாகக் கருநீலமாகும். சூரியனை நேரே பார்த்தோ முதுகுக்குப் பின்னால் வைத்தோ எடுத்தால் வானத்தில் பெரிய பலன் இருக்காது.

நீருக்கு வேறு கணக்கு. கேமராவைக் கிடைமட்டத்திலிருந்து 37 டிகிரி அளவுக்குக் கீழே சாய்த்தால்தான் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பு முழுமையாக அடங்கும். நேர் கீழாகப் பார்த்து எடுக்கும் காட்சியில் போலரைசர் பிரதிபலிப்பைக் குறைக்காது. புதிதாக வாங்கியவர்கள் பலர் அப்படி எடுத்துப் பார்த்துவிட்டு, ஃபில்டர் சரியில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒரே இடத்தில் நின்று சுற்றிச் சுழன்று எடுக்கும் காட்சிக்கு மட்டும் போலரைசரைக் கழற்றிவிடுங்கள். ட்ரோன் திரும்பும்போது வானத்தின் நிறம் மாறிக்கொண்டே வரும்.

படி 6: மாட்டுவதும் பறப்பதும்

உங்கள் மாடலுக்கென்றே செய்த ஃபில்டரைத்தான் வாங்க வேண்டும். கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலின் மோட்டார்கள் சில கிராம் வித்தியாசத்தைக்கூடக் கவனிக்கும், எடை கூடினால் திரையில் எச்சரிக்கை வரும். ட்ரோனை அணைத்துவிட்டு, ஒரு கையால் கேமராவைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்து, மறு கையால் மாட்டுங்கள். அப்புறம் ஆன் செய்தால், புதிய எடையோடு கிம்பல் தன்னைச் சமன்செய்துகொள்ளும்.

பறக்கும்போது மேனுவலில் ஷட்டரையும் ஐஎஸ்ஓவையும் மாறாமல் நிறுத்தி வையுங்கள், ஒயிட் பேலன்ஸையும் (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். ஆட்டோவில் விட்டால் கேமரா தன் இஷ்டத்துக்கு ஐஎஸ்ஓவை ஏற்றி, ஃபில்டர் போட்ட நோக்கத்தையே கெடுத்துவிடும். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் முட்டாமல் இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

புது ஃபில்டர் கைக்கு வந்த அன்றே ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை வெயிலில் வைத்து, ஒயிட் பேலன்ஸை 5600 கெல்வினில் நிறுத்தி, ஃபில்டர் இல்லாமல் ஒரு படம், ஒவ்வொரு ஃபில்டரோடும் ஒரு படம் எடுங்கள். எல்லாவற்றிலும் தாள் ஒரே வெளிச்சத்தில் இருக்கும்படி ஷட்டரை மாற்றிக்கொள்ளுங்கள். எதிலாவது தாள் பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் அந்தக் கண்ணாடி சரியில்லை. அடர்த்தி கூடக் கூட இந்தக் குறை அதிகம் தெரியும் என்பதால் 64-ஐயும் 128-ஐயும் முதலில் சோதியுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் கடந்துவிடுவதற்குள்.