மூலைவாட்டத்துல பலகை பதிக்கிறீங்களா? அடிச்சட்டத்தை நெருக்கி வைங்க

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு மரத்தளம் போடறவங்க, பலகையை மூலைவாட்டத்துல பதிக்கறதா இருந்தா முதல்ல பலகையைத் தாங்கற அடிச்சட்டத்தைப் பாருங்க. 16 அங்குலத்துக்கு ஒரு சட்டம்னா, 45 டிகிரி சாய்வுல பலகை தாண்டற தூரம் 22½ அங்குலத்துக்கு மேல போயிரும். கால் வெச்சா தொய்யும். 12 அங்குலத்துக்கு ஒண்ணு வெச்சா 17-ல நிக்கும். இதுல மட்டும் சிக்கனம் வேண்டாமுங்க.

மூலை சரியா 90 டிகிரில இருந்தா, அங்கிருந்து ரெண்டு பக்கமும் 3 அடி அளந்து, அந்த ரெண்டு குறியையும் சேர்த்து நூல் அடிங்க. அதுதான் 45 டிகிரி. பலகைக்குப் பலகை ஆணி கனத்துக்கு இடைவெளி விடுங்க, ஆடிச் சாரல்ல மரம் ஊதும். முனைகளை நீட்டியே விட்டுட்டு, கடைசியா நூல் அடிச்சு ஒரே வாக்குல அறுங்க. துண்டு நிறைய விழும், மரம் 15 சதவீதம் கூடவே வாங்கிக்குங்க.