தோப்பில் ஆட்கள் உங்களை நம்பி வேலை செய்ய வேண்டுமா?

பொள்ளாச்சிப் பக்கம் அப்பா, அண்ணன், தம்பி சேர்ந்து பார்க்கும் தென்னந்தோப்பு என்றால், கூலி விஷயத்தில் யார் பேச்சு கடைசி என்று முதலில் வீட்டுக்குள் முடிவு செய்யுங்கள். ஆளுக்கொன்று சொன்னால் நடுவில் மாட்டிக்கொள்வது மரம் ஏறுபவர்தான்.

மட்டை உரிப்பவர்களுக்குக் காய்க் கணக்கில் கூலி என்பதால் எண்ணும்போது அவர்களில் ஒருவர் கூடவே நிற்கட்டும், முன்பணத்தை இரண்டு நோட்டில் எழுதி ஒன்றை அவர்களிடமே கொடுத்துவிடுங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். சனிக்கிழமை கூலி என்றால் சனிக்கிழமைதான். வியாபாரி பணம் தராமல் இழுத்தடிப்பது உங்கள் பாடு, அவர்கள் பாடு இல்லை.

மரம் ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேர சுரக்ஷா காப்பீடு இருக்கிறது, விசாரித்துச் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், சொந்தக்காரப் பையன் பத்து மணிக்கு வந்தால் அவனுக்கும் அரை நாள் கூலிதான். ஆட்கள் எல்லாவற்றையும்விட இதைத்தான் கவனிப்பார்கள்.