சுவிற்சர்லாந்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு: காப்புறுதியும் முதுமைக்கால வருமானமும்

சுவிற்சர்லாந்தில் குடியேறிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருத்துவக் காப்புறுதி எடுக்க வேண்டும். சந்தா, நீங்கள் வந்து சேர்ந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுவதால் தள்ளிப்போடுவதில் மிச்சம் எதுவும் இல்லை. அடிப்படைக் காப்புறுதியின் சந்தா வருமானத்தைப் பார்த்து அறவிடப்படுவதில்லை. உணவகத்தில் கோப்பை கழுவுபவரும் வங்கி மேலாளரும் ஒரே தொகையைக் கட்ட நேரலாம். இதனால்தான் குறைந்த வருமானம் உள்ளோருக்கு மாநிலங்கள் சந்தாக் கழிவு வழங்குகின்றன. ஆனால், பல மாநிலங்களில் நீங்களே விண்ணப்பித்தால்தான் அது கிடைக்கும்.

'சோசியல் காசு எடுத்தால் விசாவுக்குப் பிரச்சினை' என்ற அச்சத்தில் நம்மவர்கள் இந்தக் கழிவைக்கூடக் கேட்காமல் விடுவது வேதனைக்குரியது. சோசியல் காசு, அதாவது அரசின் சமூக உதவியைப் பொறுத்தவரை அந்த அச்சம் ஆதாரமற்றதல்ல. 2019 முதல், பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவரின் நிரந்தர வதிவிட அனுமதியைக்கூட, அவர் பெரிய அளவில் நீண்டகாலம் சமூக உதவியில் தங்கியிருந்தால் பறிக்கச் சட்டம் இடமளிக்கிறது. சந்தாக் கழிவோ சமூக உதவி அல்ல. அதைத் தயங்காமல் கேளுங்கள்.

முதுமைக்கால வருமானம் இதைவிடப் பெரிய விடயம். முதல் தூணான அரச ஓய்வூதியம் ஆஹாஃபௌவை (AHV) முழுமையாகப் பெற 44 ஆண்டுகள் பங்களிப்புச் செலுத்தியிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதில் வருபவருக்கு அது எட்டாது. விடுபட்ட ஒவ்வோர் ஆண்டும் ஓய்வூதியத்தில் 44இல் ஒரு பங்கைக் குறைக்கிறது. இங்கு வாழ்ந்தும் கட்டாமல் விட்ட ஆண்டுகளை ஐந்து ஆண்டுகளுக்குள் மட்டுமே கட்டி நிரப்பலாம். ஆகவே உங்கள் பெயரிலுள்ள பங்களிப்புக் கணக்கின் விவரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கேட்டுப் பெறுங்கள். கையில் சம்பளம் தரும் முதலாளி உங்களுக்காகப் பணம் கட்டினாரா என்பது அதில் தெரிந்துவிடும்.

இரண்டாவது தூணான பென்சன் காசு, அதாவது வேலையிடம் வழியாகச் சேரும் ஓய்வூதிய நிதி, 2025 நிலவரப்படி, ஒரே முதலாளியிடம் ஆண்டுக்கு 22,680 பிராங்குக்கு மேல் உழைப்பவருக்கே கட்டாயம். காலையில் ஓர் அலுவலகத்தைத் துப்புரவு செய்து, மாலையில் உணவகத்தில் நின்று, இரண்டு இடத்திலும் அந்த எல்லைக்குக் கீழே சம்பளம் பெறும் பெண்கள் இருபது ஆண்டுகள் உழைத்தும் இந்தத் தூண் இல்லாமலே ஓய்வுபெற நேர்கிறது. இரு சம்பளங்களும் சேர்ந்து எல்லையைத் தாண்டினால் பென்சன் காசுக்கான விருப்பக் காப்புறுதியில் சேரலாம் என்பதும், அப்போது முதலாளிகளும் பாதிப் பங்கைக் கட்ட வேண்டும் என்பதும் பலருக்குத் தெரியாது. முதல் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே இதைக் கேளுங்கள். ஓய்வூதியம் போதாதவர்களுக்கு மேலதிகக் கொடுப்பனவு உண்டு என்றாலும், இலங்கை, இந்தியக் குடியுரிமையுடன் இருப்பவர் அதற்கு முன் பத்து ஆண்டுகள் இடைவெளியின்றி இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்துப் பெற்றவருக்கு அது ஐந்து ஆண்டுகள்.