தொற்றுநோய்ச் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2014-இல் எபோலா பரவியபோது அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வாரக்கணக்கில் அதே பேச்சுதான். அந்த நாட்டு மண்ணில் நோய் கண்டறியப்பட்டவர்கள் மொத்தமே 4 பேர். ஆண்டுதோறும் அங்கே பல ஆயிரம் பேரைக் கொல்லும் ஃப்ளூ அந்த அளவுக்குப் பேசப்படுவதே இல்லை. எபோலாவால் உண்மையில் தவித்தவை கினி, லைபீரியா, சியரா லியோன் ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். 11,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

செய்தி எத்தனை முறை வருகிறது என்பதை வைத்து ஆபத்தை அளப்பதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தவறு. எது சட்டென்று நினைவுக்கு வருகிறதோ அதுதான் அடிக்கடி நடக்கிறது என்று மனம் கணக்குப் போட்டுவிடுகிறது. 1970-களிலேயே உளவியலாளர்கள் அமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் இதை விளக்கிவிட்டார்கள். நோய் புதிது, நம் கையில் எதுவும் இல்லை என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால் பயம் பல மடங்காகும். காசநோய் ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் பலி வாங்கியும் நமக்குப் பழகிவிட்டது.

சரி, ஊடகம் எப்போதும் ஊதிப் பெருக்கத்தான் செய்யும் என்று முடிவுகட்டி ஒதுக்கிவிடலாமா? அதுவும் தவறு. 1918 செப்டம்பரில் ஃபிலடெல்பியாவில் ஃப்ளூ பரவிக்கொண்டிருக்கும்போதே போர்க்கடன் திரட்டப் பெரிய ஊர்வலம் நடத்தினார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்ற தொனியில்தான் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. சில நாட்களிலேயே மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. அடுத்த சில வாரங்களில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 10,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

எண்களைப் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். "இதுவரை இத்தனை பேர்" என்ற கூட்டுத்தொகை ஏறுமே தவிர இறங்காது. நோய் அடங்கிக்கொண்டிருந்தாலும் அந்த எண் பெரிதாகத்தான் தெரியும். இன்றைய எண்ணிக்கையிலும் சிக்கல் உண்டு. பரிசோதனை கூடினால் அதுவும் கூடும், விடுமுறை நாளில் குறையும். அதில் இருப்பவர்களுக்குத் தொற்று ஏற்பட்டதோ பல நாட்களுக்கு முன்பு. ஆகவே ஒரு நாள் கணக்கை விட்டுவிட்டு ஒரு வாரச் சராசரியையும், எத்தனை பேரைச் சோதித்தார்கள் என்பதையும் பாருங்கள்.

எப்படிப் பரவுகிறது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே எதையாவது செய்யத் துடிப்பது அடுத்த தவறு. 1994-இல் சூரத்தில் பிளேக் செய்தி வந்ததும் லட்சக்கணக்கானோர் நகரத்தைவிட்டு ஓடினார்கள், பிளேக்கைக் குணப்படுத்தும் டெட்ராசைக்ளின் மாத்திரை கடைகளில் தீர்ந்துபோனது. நோய்க்கிருமி பரவ அப்படிப்பட்ட ஓட்டத்தைவிட வசதியான வழி வேறு இல்லை. 2009-இல் 'பன்றிக்காய்ச்சல்' என்ற பெயரைக் கேட்டு எகிப்து தன் பன்றிகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அந்தக் காய்ச்சலோ மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, வழி சொல்லாமல் பயத்தை மட்டும் கடத்தும் பழக்கம். செய்தியாளரும் செய்கிறார், அதைப் பகிர்கிற நாமும் செய்கிறோம். ஆபத்து பெரிது என்று மட்டும் தெரிந்து, என்ன செய்யலாம் என்று தெரியாவிட்டால், மனிதர்கள் தங்களைக் காத்துக்கொள்வதில்லை. பயத்திலிருந்து தப்பத்தான் பார்க்கிறார்கள். சிலர் "எல்லாம் பொய்" என்று மறுப்பார்கள், சிலர் "வருவது வரட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் கேள்விப்பட்ட வைத்தியத்தையெல்லாம் முயல்வார்கள். 2020-இல் ஈரானில் கொரோனாவுக்கு மருந்து என்று நம்பி மெத்தனால் கலந்த சாராயம் குடித்து நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள்.

அதனால் ஒரு செய்தியை அனுப்பும் முன் அதில் மூன்று விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: யாருக்கு ஆபத்து அதிகம், எப்படிப் பரவுகிறது, இன்று என்ன செய்ய முடியும். மூன்றாவது இல்லையென்றால் நீங்களே சேர்த்து அனுப்புங்கள். "ஜன்னலைத் திறந்து வையுங்கள், காய்ச்சல் இருந்தால் வேலைக்குப் போகாதீர்கள், தடுப்பூசி இந்த இடத்தில் போடுகிறார்கள்" என்கிற மாதிரி. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும்படி வாயால் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

அப்புறம், செய்தி நின்றுவிட்டால் நோயும் போய்விட்டது என்று நினைக்கும் தவறு. சான் பிரான்சிஸ்கோவில் 1918 நவம்பரில் முகக்கவச உத்தரவை நீக்கியதும் மக்கள் தெருவில் கொண்டாடினார்கள். தொற்று திரும்ப ஏறி, 1919 ஜனவரியில் அதே உத்தரவை மறுபடி போட வேண்டியிருந்தது. தலைப்புச் செய்தியிலிருந்து நோய் மறைந்த பிறகும் சுகாதாரத் துறைகள் வாராந்திரக் கணக்கை வெளியிட்டுக்கொண்டுதான் இருக்கும். எச்சரிக்கையைத் தளர்த்தலாமா என்பதை அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.