புது சட்டம் வந்தா மொதல்ல தேதியப் பாருங்க: தருமபுரி, கிருஷ்ணகிரி ஜூனியர் வக்கீல்களுக்கு

போன வாரம் பாலக்கோடு பக்கத்துல இருந்து ஒரு கட்சிக்காரர் வந்தாரு, "சார், எம் பையன் மேல 420 போட்டுட்டாங்க"ன்னு. எஃப்ஐஆர வாங்கிப் பாத்தா 318(4)னு இருக்கு, ரெண்டும் மோசடிதான். அவர் சொன்னதுலயும் தப்பில்ல, ஊரே இன்னும் 420னுதான் சொல்லுது, ஆனா பழைய ஐபிசிக்கு (இந்திய தண்டனைச் சட்டம்) பதிலா வந்த பிஎன்எஸ்ல (பாரதிய நியாய சன்ஹிதா) மொத்தமே 358 பிரிவுதான், 420க்கு எடமே இல்ல. 302ன்னா இப்ப கொலை கெடயாது, மத உணர்வ புண்படுத்தணும்னே பேசுறது, கொலை 103க்குப் போயிருச்சு. 144 இன்னும் வேடிக்கை, சிஆர்பிசிக்கு (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பதிலா வந்த பிஎன்எஸ்எஸ்ல 144ன்னா பொண்டாட்டி புள்ளைக்கு ஜீவனாம்சம், தடை உத்தரவு 163. வக்கீலுங்களுக்கு பெரிய தலவலி 482தான், இத்தன வருஷமா 482ன்னா ஹைகோர்ட்ல குவாஷ் (கேஸ ரத்து பண்ணச் சொல்ற மனு), இப்ப அது முன்ஜாமீன், குவாஷ் 528.

இந்த நம்பரெல்லாம் மனப்பாடம் பண்ண நான் ஒருநாளும் உக்காந்ததில்ல, மேசைக் கண்ணாடிக்கு அடியில ஒரு அட்டவணை இருக்கு, அது போதும். எந்தக் கேஸ் கட்டு வந்தாலும் மொதல்ல தேதியத்தான் தேடுவேன். சம்பவம் நடந்தது எப்ப, தாக்கல் பண்ணது எப்ப, அந்த சட்டமோ தீர்ப்போ அமலுக்கு வந்தது எப்ப. கடந்த ரெண்டு மூணு வருஷத்துல மாறுனது எல்லாமே ஏதோ ஒரு தேதியில தொங்கிட்டு நிக்குது, அத விட்டுட்டு தலைப்புச் செய்திய மட்டும் படிச்சா கோர்ட்ல மாட்டிக்குவோம்.

கிரிமினல்ல அந்தத் தேதி 2024 ஜூலை 1. குற்றம் அதுக்கு முன்னாடி நடந்திருந்தா ஐபிசி, அன்னைக்கோ அப்பறமோ நடந்திருந்தா பிஎன்எஸ். நடைமுறைக்கு கணக்கு வேற, 2024 ஜூன் 30 வரைக்கும் விசாரணையோ புலன்விசாரணையோ நிலுவைல இருந்திருந்தா பழைய சிஆர்பிசியே தொடரும்னு பிஎன்எஸ்எஸ் 531 சொல்லுது. அதனால ஒரே கேஸ்ல ரெண்டும் கலந்து வரும். 2023ல போலியா ஒரு செட்டில்மென்ட் பத்திரம் போட்டிருக்காங்க, இப்பத்தான் வில்லங்கம் எடுத்துப் பாத்து கண்டுபிடிச்சு புகார் குடுக்குறாங்கன்னு வைங்க, எஃப்ஐஆர்ல ஐபிசி 420, 468, 471 இருக்கும், ஆனா முன்ஜாமீன் மனு பிஎன்எஸ்எஸ் 482ல போடணும். இதப் பாத்து "போலீஸ் தப்பாப் போட்டுட்டாங்க சார்"னு ஒரு ஜூனியர் குவாஷ் டிராஃப்ட் பண்ணிக் கொண்டு வந்தான், உக்கார வச்சு ஒரு டீ வாங்கிக் குடுத்து புரிய வச்சேன்.

கைது விஷயத்த நல்லா ஊனிப் படிங்க, கீழ் கோர்ட்ல நமக்கு உடனே கைகுடுக்குறது இதுதான். கைதுக்கான காரணத்த எழுத்துல குடுக்கணும்ங்கறது முன்னாடி பிஎம்எல்ஏ (பணச்சலவைத் தடுப்பு), யுஏபிஏ (சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்பு) கேஸுக்குன்னு வந்துச்சு, 2025 நவம்பர்ல மிஹிர் ராஜேஷ் ஷா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் எல்லா குற்றத்துக்கும் அப்படித்தான்னு சொல்லிருச்சு. அதுவும் அந்த ஆளுக்குப் புரியுற பாஷைல. அந்த நேரத்துல எழுதிக் குடுக்க முடியலன்னா வாயால சொல்லிட்டு, ரிமாண்டுக்கு கொண்டு வர்றதுக்கு குறைஞ்சது ரெண்டு மணி நேரம் முன்னாடியாவது எழுத்துல குடுத்திருக்கணும். நம்ம பக்கம் இது ரொம்ப முக்கியம், ஏன்னா ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் பாதி பேருக்கு வீட்டுப் பாஷை தெலுங்கு, கன்னடம், பேசுறது தமிழ்ல பேசுவாங்க ஆனா தமிழ் படிக்க வராது, ஓசூர் சிப்காட்ல வேலை பாக்குற வடமாநிலப் பசங்களுக்கு தமிழே தெரியாது. தமிழ்ல அச்சடிச்ச தாள்ல கைநாட்டு வாங்கி வச்சிருந்தா, ரிமாண்ட் அன்னைக்கே எந்திரிச்சு அதச் சொல்லுங்க, மெமோவும் போட்டு வைங்க. அப்பறம் பாத்துக்கலாம்னு விட்டா வாதத்துல பாதி வலு போயிரும்.

இதோட சேத்து, விசாரணைக்கு ஆஜராகச் சொல்ற பிஎன்எஸ்எஸ் 35 நோட்டீஸ வாட்ஸ்அப்ல அனுப்பிட்டு "ஆஜராகல"ன்னு கைது பண்ண முடியாது, 2025 ஜனவரிலயே சுப்ரீம் கோர்ட் சதேந்தர் குமார் அன்டில் கேஸ்ல சொன்னதுதான். விசாரணைக் கைதியா ஜெயில்ல கெடக்குற பழைய கட்சிக்காரங்க லிஸ்ட்டையும் ஒருதடவ எடுத்துப் பாருங்க, முதல்முறை குற்றவாளின்னா அதிகபட்ச தண்டனைல மூணுல ஒரு பங்கு உள்ள இருந்தாலே பிஎன்எஸ்எஸ் 479ல வெளிய விடணும், பழைய கேஸுக்கும் அது பொருந்தும்னு 2024 ஆகஸ்ட்ல சொல்லிட்டாங்க. ஆயுள், தூக்கு கேஸுக்கு மட்டும் அது கெடயாது, பல கேஸ் நிலுவைல இருக்குற ஆளுக்கும் சிக்கல்.

அடுத்தது சிசிடிவி, ஆடியோ, வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட். 2024 ஜூலை 1க்கு முன்னாடியே நிலுவைல இருந்த கேஸத் தவிர மத்ததுக்கு பழைய 65பி சர்டிபிகேட் ஃபார்மேட்ட எடுக்காதீங்க. இப்ப சாட்சியச் சட்டத்துக்குப் பதிலா வந்த பிஎஸ்ஏ 63(4), ரெண்டு பாகம், ஏ பாகம் தாக்கல் பண்றவரு கையெழுத்து, பி பாகம் நிபுணர் கையெழுத்து, ரெண்டுலயும் ஹேஷ் வேல்யூ (ஃபைல் மாறலன்னு காட்டுற அடையாள எண்) எழுதணும். நானே ஒருதடவ டீக்கடை கேமரா பதிவ பென்டிரைவ்ல போட்டு பழைய ஃபார்மேட்ல குடுத்து ரிட்டர்ன் வாங்கிருக்கேன், அதுக்குள்ள கடைக்காரர் கேமராவுல பழைய பதிவெல்லாம் அழிஞ்சு போச்சு. அதனால காப்பி எடுக்குற அன்னைக்கே ஹேஷ் எடுத்து வச்சிருங்க.

செக் கேஸுக்கு வருவோம், மாம்பழ சீசன் முடிஞ்சா கிருஷ்ணகிரி மண்டி வியாபாரத்துல இருந்து வரிசையா வரும். 30 நாள்ல நோட்டீஸ், 15 நாள் டைம், அப்பறம் ஒரு மாசத்துல புகார், அதெல்லாம் பழையபடிதான். புதுசு என்னன்னா 2025 செப்டம்பர்ல வந்த சஞ்சபிஜ் தாரி தீர்ப்பு. பிஎன்எஸ்எஸ் 223 வந்ததும், கேஸ கோப்புல எடுக்குறதுக்கு முன்னாடியே எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) நோட்டீஸ் குடுக்கணுமான்னு பெரிய கொழப்பம் இருந்துச்சு, செக் கேஸுக்கு (பிரிவு 138) அது தேவையில்லன்னு தீத்துட்டாங்க. சம்மன தபால்ல மட்டும் நம்பாம புகார்தாரரே கையோட கொண்டு போய் குடுக்கலாம். சமரசத்துக்கு செலவுத் தொகையையும் மாத்திட்டாங்க, எதிரி தரப்பு சாட்சியம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பணத்தக் கட்டுனா கூடுதலா ஒண்ணும் இல்ல, அதுக்கப்பறம் தீர்ப்புக்கு முன்னாடின்னா செக் தொகைல 5 சதவீதம், செஷன்ஸ்லயோ ஹைகோர்ட்லயோ வந்து கட்டுனா 7.5, சுப்ரீம் கோர்ட் போனா 10. இந்தக் கணக்க எதிரி தரப்பு கட்சிக்காரர்கிட்ட முதல் வாய்தாவுலயே சொல்லிருங்க, பாதி கேஸ் அங்கயே முடிஞ்சிரும். இன்னொண்ணு, நம்ம ஊர்ல கைமாத்து எல்லாம் ரொக்கம்தான், 20,000க்கு மேல ரொக்கமா குடுத்த கடனுக்கு செக் கேஸ் நிக்காதுன்னு கேரளா ஹைகோர்ட் சொன்னத தூக்கிட்டு வருவாங்க, அதையும் இதே தீர்ப்பு ஏத்துக்கல.

தொப்பூர் கணவாய் இருக்குற வரைக்கும் எம்சிஓபிக்கு (விபத்து இழப்பீட்டு மனு) பஞ்சமில்ல, சொல்லவே சங்கடமாத்தான் இருக்கு. இங்க தேதி 2022 ஏப்ரல் 1. அதுக்கப்பறம் நடந்த விபத்துன்னா மோட்டார் வாகனச் சட்டம் 166(3)படி ஆறு மாசத்துக்குள்ள மனு போடணும். அந்தப் பிரிவே செல்லுமான்னு சுப்ரீம் கோர்ட்ல கேஸ் நடக்குது, காலம் கடந்துருச்சுன்னு மட்டும் சொல்லி மனுவத் தள்ளாதீங்கன்னு 2025 நவம்பர்ல இடைக்கால உத்தரவு குடுத்தாங்க. அத நம்பி மெதுவா போடலாம்னு இருக்காதீங்க, இடைக்கால உத்தரவு இடைக்கால உத்தரவுதான், ஆறு மாசத்துக்குள்ள நம்பர் வாங்குறதுதான் புத்தி. சாவு கேஸ்ல இன்னும் சில பேரு துணைய இழந்ததுக்கு 40,000, ஈமச்சடங்குக்கும் சொத்து இழப்புக்கும் தலா 15,000ன்னே கேக்குறாங்க, பிரணய் சேத்தி தீர்ப்பு 2017, மூணு வருஷத்துக்கு ஒருக்கா 10 சதவீதம் ஏறும், ரெண்டு தடவ ஏறி 48,400, 18,150 ஆயிருச்சு.

நிலத்துல ஒண்ணு மட்டும் சொல்றேன், தீர்ப்போட நிறுத்திக்காம அதுக்கு அடுத்து என்ன ஆச்சுன்னு பாக்கணும்ங்கறதுக்கு இது நல்ல உதாரணம். மூலப்பத்திரம் இல்லன்னா பதிவ மறுக்கலாம்னு இருந்த தமிழ்நாடு பதிவு விதி 55ஏ(1)ஐ 2025 ஏப்ரல்ல கோபி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுச்சு. எல்லாரும் அத பிரிண்ட் எடுத்துட்டு சார்பதிவாளர் ஆபீசுக்கு ஓடுனாங்க. ஆனா அதுக்கப்பறம் மூலப்பத்திரம் கட்டாயம்னு பதிவுச் சட்டத்தையே திருத்த சட்டசபைல மசோதா நிறைவேத்துனாங்க. தீர்ப்ப மட்டும் கையில வச்சுக்கிட்டுப் போனா பாதி கதைதான். போலிப் பத்திரத்த மாவட்டப் பதிவாளரே ரத்து பண்ற பதிவுச் சட்டம் 77ஏவும் அப்படித்தான், 2024ல ஹைகோர்ட் அடிச்சுருச்சு, கட்சிக்காரங்க இன்னும் "கலெக்டர் ஆபீஸ்லயே முடிச்சிரலாமாம்ல"ன்னு வர்றாங்க.

ஓசூர்ல லேபர் பாக்குறவங்களுக்கு 2025 நவம்பர் 21, நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்பும் அன்னைக்குத்தான் அமலுக்கு வந்துச்சு. காலவரைய ஒப்பந்தத்துல வேலை பாத்தவங்களுக்கு ஒரு வருஷத்துலயே கிராஜுட்டி, எல்லாருக்கும் நியமனக் கடிதம், நிலையாணைக்கு (கம்பெனியோட வேலை விதிகள்) 300 தொழிலாளர் வரம்பு, இந்த மூணத்தான் வர்ற ஆளுங்க மொதல்ல கேக்குறாங்க. வேலைய விட்டு நின்னது எந்தத் தேதின்னு கேட்டுட்டு அப்பறம் பதில் சொல்லுங்க.

தீர்ப்புக்கு காசு செலவு பண்ண வேணாம், டிஜி எஸ்சிஆர் வெப்சைட்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இலவசமாக் கெடக்கு, கொஞ்சம் தமிழ்லயும் இருக்கு. ஐஎன்எஸ்சி நம்பர (தீர்ப்புக்கு சுப்ரீம் கோர்ட்டே குடுக்குற எண்) எழுதி வச்சுக்கிட்டா எந்த கோர்ட்லயும் சைட்டேஷன் தகராறு வராது. வாட்ஸ்அப் குரூப்ல வர்ற ஒருவரிச் சுருக்கத்த நம்பி வாதாடாதீங்க, கடைசி பத்து பத்தியாவது நீங்களே படிங்க. சனிக்கிழமை சாயங்காலம் அடுத்த வார வாய்தா டைரிய எடுத்து, ஒவ்வொரு கேஸுக்கும் பக்கத்துல பென்சில்ல சம்பவத் தேதிய எழுதுங்க, ஜூலை 1க்கு முன்னாடியா பின்னாடியான்னு ஒரு டிக். எனக்கு அரைமணி நேரம் ஆகும், குமாஸ்தா கூட இருந்தா இருபது நிமிஷம்.