மேகத்துக்குள் தூண் பாறை: ‘இருக்கிறது’ என்று பேசும்போது செய்யும் தவறுகள்

கொடைக்கானல் தூண் பாறையில் மேகம் இறங்கிவிட்டால் கம்பித் தடுப்புக்கு அப்பால் வெறும் வெள்ளைதான். சுமார் 400 அடி உயரப் பாறைகள், சுவடே தெரியாது. போன மாதம் அண்ணன் மகன் தடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “சித்தப்பா, யாருமே பார்க்காதப்ப அந்தப் பாறை இருக்கா?”

நல்ல கேள்வி. ஆனால் பெரியவர்களே இதில் வழுக்கி விழுகிறோம். முதலில், ‘எப்படித் தெரியும்’ என்பதையும் ‘இருக்கிறதா’ என்பதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். முதல் கேள்விக்கு மேகம் விலகும்வரை காத்திருந்தால் போதும். ‘இருத்தல்’ என்றால் என்ன என்ற கேள்வி மேகம் விலகினாலும் அப்படியே நிற்கும்.

அடுத்தது, எதிராளி சொல்லாததை மறுப்பது. பொருள்கள் இருப்பது என்பதே அவை மனத்தால் அறியப்படுவதுதான் என்று 1710-இல் அயர்லாந்துத் தத்துவவாதி ஜார்ஜ் பார்க்லி எழுதினார். ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு கல்லை ஓங்கி உதைத்து, இதோ மறுத்துவிட்டேன் என்றாராம். கல் கெட்டியாக இல்லை என்று பார்க்லி சொல்லவே இல்லையே! கால்வலியும் அவர் கணக்கில் மனம் அறிவதுதான். யாரும் பார்க்காத பாறையைக் கடவுளின் மனம் அறிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் பதில்.

நம்மிடையே அதிகம் நடப்பது வேறு. மாயை என்றாலே பொய் என்று எடுத்துக்கொள்கிறோம். சைவ சித்தாந்தத்தில் மாயை உள்பொருள், அதாவது உண்மையிலேயே இருப்பது. குடத்துக்கு மண் போல உலகுக்கு அதுதான் முதற்காரணம். அத்வைதத்திலும் உலகம் முயற்கொம்பு போல அறவே இல்லாதது அல்ல. கயிற்றில் தோன்றும் பாம்பைவிட ஒரு படி மேலான நடைமுறை உண்மை அதற்கு உண்டு. எந்த மரபில் நின்று பேசுகிறோம் என்று சொல்லாமல் வாதாடினால் விடிய விடியப் பேசவேண்டியதுதான்.

அப்புறம் குறிஞ்சி. 12 ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது; 2018-இல் பூத்தது, அடுத்தது 2030. அந்தப் பூ இப்போது இருக்கிறதா? காரியம், அதாவது விளைவு, தன் காரணத்துக்குள் முன்பே நுண்மையாக இருக்கிறது என்பது சற்காரியவாதம். சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவ மரபும் சைவ சித்தாந்தமும் இந்தப் பக்கம். தோன்றும் முன் காரியம் இல்லவே இல்லை என்பது நியாயம் என்ற இன்னொரு தத்துவ மரபு. நுண்ணோக்கியில் பார்த்தால் வழக்கு முடிந்துவிடும் என்று நினைப்பதும் தவறுதான். மரபணுவையே காட்டினாலும், அதைப் ‘பூ’ என்று சொல்லலாமா என்பதில்தானே சண்டை?

திரும்பும் வழியில் அவனிடமே இதைக் கேட்டேன். சாலையோரப் புதரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “செடிதான் இருக்கு, பூ இல்ல” என்றான். சரி, இப்போதைக்கு நியாயக்காரர் பக்கம் நிற்கிறான்.